இமைக்கும் அளவுண்டு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் பாட்டிமார் நமக்குச் சோற்றோடு சேர்த்து ஊட்டிய பாடம். உப்புக்கு அளவு சொன்னார்கள்; மருந்துக்கு அளவு சொன்னார்கள்; பேச்சுக்கும் அளவு சொன்னார்கள். ஆனால் கண் இமையின் மேல் இருக்கும் முடிக்கும் ஓர் அளவு உண்டு என்பதை நான் கற்றுக்கொண்டது பாட்டியிடமும் அன்று, பாடநூலிலும் அன்று. மதுரையில் ஓர் அழகு நிலையத்தில் வேலை பார்க்கும் என் சித்தி மகளின் கண்ணீரிலிருந்தே கற்றுக்கொண்டேன்.

ஆண்டு மலருக்கு இப்படியும் ஒரு தலைப்பா என்று பேராசிரியர்கள் புருவம் உயர்த்தக்கூடும். நாட்டில் எத்தனையோ சிக்கல்கள் இருக்க, இமை முடியைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். கட்டுரையை முடிக்கும்வரை அந்த நகைப்பைச் சற்றே ஒத்திவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இது இமையில் தொடங்கினாலும் நாம் படிக்கும் படிப்பில் வந்து முடிகிற செய்தி.

'லேஷ் லிப்ட்' என்ற சொல்லை நம் கல்லூரி மாணவியர் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். நேராகவோ கீழ்நோக்கியோ வளர்ந்திருக்கும் இமை முடியை மேல்நோக்கி வளைத்து, அந்த வளைவு சில வாரங்கள் நிற்கும்படி செய்வதுதான் அது. ஒட்டு முடி எதையும் வைப்பதில்லை. இருக்கிற முடியையே நிமிர்த்துகிறார்கள். முடி நிமிர்ந்தால் கண் விரிந்து தெரியும். மை தீட்டாமலேயே தீட்டியது போல் இருக்கும். மதுரையின் பெரிய கடைகளில் மட்டும் இருந்த இந்தப் பழக்கம், இன்று மணப்பெண் அலங்காரத்தோடு சேர்ந்து சிற்றூர்ப் பக்கமும் வந்துவிட்டது.

கண்ணை அழகு செய்வது நமக்குப் புதிதன்று. எங்கள் டி. கல்லுப்பட்டியில் என் அம்மா இன்றும் மை செய்வார். கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்து உலர்த்தித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரிய விட்டு, மேலே கவிழ்த்த தட்டில் படியும் கரியைச் சுரண்டிக் குழைத்து வைப்பார். களை எடுக்கப் போகும் நாளில்கூட ஒரு கோடு இழுக்காமல் அவர் வெளியே இறங்கியதில்லை. மண்ணால் அம்மன் சிலை செய்யும் வேளார்கள் உடல், கை, ஆடை, அணி எல்லாம் முடித்த பிறகு கடைசியாகத்தான் கண்ணைத் திறப்பார்கள். கண் திறக்கும்வரை அது மண். திறந்த பின்பே அது தாய். கண்ணுக்கு இத்தனை மதிப்புக் கொடுத்த மக்களின் பெண்கள், தம் கண் அழகாய்த் தெரிய வேண்டும் என்று விரும்புவதில் குற்றம் என்ன இருக்கிறது?

குற்றம் விருப்பத்தில் இல்லை. அளவு தெரியாத கையில் இருக்கிறது. அந்தக் கைக்கு அளவைச் சொல்லிக் கொடுக்காத நம்மிடமும் இருக்கிறது. இதுவே என் கட்சி.

சென்ற ஆண்டு ஆவணி மாதம், முகூர்த்த நாள் ஒன்றின் மாலையில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அழகு நிலைய வேலைக்குப் போனவள் அவள். வந்தவள் பேசாமல் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். ஒரு மணப்பெண்ணுக்கு இமை முடியை வளைத்துவிட்டிருக்கிறாள். "போட்ட மாதிரியே தெரியக்கூடாது, இயற்கையா இருக்கணும்" என்று அந்தப் பெண் முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆனால் கடைக்காரம்மாவோ, "காசு குடுக்குறாங்க, பளிச்சுன்னு தெரிய வேண்டாமா? இன்னும் அஞ்சு நிமிசம் விடு" என்று சொல்லியிருக்கிறார். விட்டாள். கழுவிப் பார்த்தபோது முடி பாதியில் மடிந்து, நுனி நெருப்பில் காட்டிய நூல் போல் சுருண்டு கிடந்ததாம். மணமேடையில் அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கவே கூசினாளாம். அந்த வாரச் சம்பளம் அக்காவுக்குக் கிடைக்கவில்லை.

அழுது முடித்தவள் என்னை நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்: "நீ கெமிஸ்ட்ரிதானடி படிக்கிறே? அந்தப் பாட்டில்ல என்னதான்டி இருக்கு?"

எனக்கு விடை தெரியவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கரும்பலகையில் அமைப்பு வாய்பாடுகளைப் பார்த்து எழுதியிருக்கிறேன். தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் என் சொந்த அக்காவின் கையில் இருக்கும் புட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் அந்தப் பெட்டியின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பச் சொன்னேன். எழுத்தெல்லாம் ஆங்கிலம், அதுவும் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து. முதல் புட்டியில் தயோகிளைக்காலிக் அமிலத்தின் உப்பு. இரண்டாம் புட்டியில் ஹைட்ரஜன் பெராக்சைடு. பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் புரதங்களின் அமைப்பைப் பற்றி எழுதும்போது நான் பக்கம் பக்கமாக எழுதிய செய்தியல்லவா இது!

முடி என்பது கெரட்டின் என்னும் புரதம். அதன் நீண்ட இழைகளைப் பக்கவாட்டில் இணைத்து வைப்பவை கந்தக அணுக்கள். இரு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கும் இந்த டைசல்பைடு பிணைப்பே முடிக்கு வலிமையும் வடிவமும் தருவது. ஏணியின் இரு மரங்களைப் படிகள் பிடித்து வைத்திருப்பது போல என்று அக்காவுக்குச் சொன்னேன். முதல் மருந்து அந்தப் படிகளில் சிலவற்றைக் கழற்றிவிடுகிறது. அப்போது முடி இளகி, எந்த அச்சின் மேல் படிந்திருக்கிறதோ அந்த வடிவுக்கு வருகிறது. இரண்டாம் மருந்து புதிய இடத்தில் படிகளை மறுபடி மாட்டிவிடுகிறது. வேதியியல் மொழியில் சொன்னால் முதலாவது ஒடுக்கம், இரண்டாவது ஆக்சிஜனேற்றம். தலைமுடியைச் சுருட்டுகிறார்களே, அதே வினைதான் இங்கும் நடக்கிறது. களம் மட்டும் கண்ணுக்கு ஒரு நூலிழை அருகில்!

"அப்ப நான் கூட அஞ்சு நிமிசம் விட்டதுல என்ன ஆச்சு?" என்றாள் அக்கா. "ரொம்பப் படிகளைக் கழற்றிட்டே. இரண்டாவது மருந்து மாட்டணும்னா ஏணி முதல்ல நிக்கணும்ல?" என்றேன். ஒரு கணம் யோசித்தாள். "இதை எனக்கு யாரும் சொல்லலையேடி" என்றாள். அந்தச் சொல் இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

பிறகு ஒரு விடுமுறை நாளில் நாங்கள் இருவரும் வீட்டுத் திண்ணையில் ஒரு சோதனை செய்தோம். சீப்பில் உதிர்ந்த எங்கள் தலைமுடியை எடுத்துப் பேனா ரீபிளில் சுற்றினோம். என் அம்மாவின் தடித்த முடி, என்னுடைய நடுத்தர முடி, அக்காவின் நெற்றியோரத்துப் பூஞ்சை முடி என்று மூன்று வகை. முதல் மருந்தைத் தடவி ஐந்து, பத்து, பதினைந்து, இருபது நிமிடம் என்று தனித்தனியே விட்டுக் கழுவினோம். ஐந்து நிமிடத்தில் பூஞ்சை முடி அழகாக வளைந்துவிட்டது. அம்மாவின் முடியோ அசையவில்லை. இருபதாம் நிமிடத்தில் பூஞ்சை முடியை ஈரத்தோடு இழுத்தால் வெல்லப்பாகு போல் நீண்டு அறுந்தது. ஒரே புட்டி, ஒரே மருந்து. முடிக்கு முடி அளவு வேறு. பெட்டியில் அச்சிட்ட நிமிடம் எல்லாருக்கும் ஒன்றாகாது என்பதை எங்கள் திண்ணையே எங்களுக்குக் கற்பித்தது.

அன்று முதல் அக்காவின் வேலை மாறியது. இயற்கையாகத் தெரிய வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று அவள் இப்போது கண்டு வைத்திருப்பதை இங்கே சொல்கிறேன். போய்ச் செய்துகொள்ள விரும்பும் தோழியருக்கு இது பயன்படும்.

முதலாவது அச்சு. இமையின் மேல் ஒட்டும் சிலிக்கான் பட்டை சிறிது, நடுத்தரம், பெரிது என்று பல அளவில் வரும். சிறிய பட்டையில் வளைவு கூர்மையாக விழும். நீண்ட முடியைச் சிறிய பட்டையில் ஏற்றினால் முடி அடியிலேயே முறிந்து நிற்பது போல் தெரியும். 'பளிச்சென்று' தெரிய வேண்டும் என்பவர்கள் சிறியதைத்தான் எடுப்பார்கள். அவரவர் முடியின் நீளத்துக்கு ஏற்ற பட்டையில், வளைவு மெல்ல எழும்போதுதான் அது பிறவியில் வந்தது போல் இருக்கிறது.

இரண்டாவது பொறுமை. முடியை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒன்றன் மேல் ஒன்று குறுக்கிடாமல் பட்டையில் படிய வைக்க வேண்டும். குறுக்கே கிடந்த முடி குறுக்கேயே நின்றுவிடும். நாற்று நடுகிறவர்கள் வரிசை பார்ப்பது போலத்தான் என்பாள் அக்கா.

மூன்றாவது இடம். மருந்தை முடியின் அடிப்பகுதியிலிருந்து நடுவரை மட்டுமே தடவ வேண்டும். தோலில் படக் கூடாது. நுனி மெல்லியது, அங்கே மருந்து ஏறினால் சுருண்டு போகும். மணப்பெண்ணுக்கு நேர்ந்தது அதுதான்.

நான்காவது நேரம். மெல்லிய முடிக்குக் குறைவு, தடித்த முடிக்குச் சற்றுக் கூடுதல். சந்தேகம் வந்தால் குறைவின் பக்கமே நிற்க வேண்டும். வளைவு போதவில்லையென்றால் பின்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். மிஞ்சியதைத் திருப்ப வழியில்லை. புது முடி முளைத்து வரும்வரை காத்திருப்பது ஒன்றே மருந்து.

ஐந்தாவது இடைவெளி. இமை முடி தானே உதிர்ந்து தானே முளைப்பது. அதனால்தான் இந்த வளைவு ஆறு முதல் எட்டு வாரங்களில் மெல்லக் கலைந்துவிடுகிறது. அது கலையுமுன்னே மறுபடி ஏற்றினால், ஏற்கெனவே இளகிய முடியையே மறுபடி இளக்குவதாகிவிடும்.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. இயற்கையான தோற்றம் என்பது கூடுதலாகச் செய்வதால் வருவதில்லை. சரியான இடத்தில் நிறுத்துவதால் வருகிறது. நிறுத்தத் தெரிந்தவள்தான் தொழில் தெரிந்தவள்.

இயற்கை அன்னையும் இதைத்தான் சொல்கிறாள். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்து ஆய்வாளர்கள் 22 வகைப் பாலூட்டிகளின் இமை முடியை அளந்து, 2015-இல் தம் முடிவை வெளியிட்டார்கள். விலங்கு சிறிதோ பெரிதோ, இமை முடியின் நீளம் கண்ணின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவே இருந்தது. காற்றுச் சுரங்கத்தில் செயற்கைக் கண் வைத்துச் சோதித்தபோது, அந்த அளவில்தான் கண்ணின் ஈரம் மிகக் குறைவாக உலர்ந்தது. தூசியும் குறைவாகப் படிந்தது. முடி அதைவிடக் குட்டையானால் காப்புக் குறைகிறது. அதைவிட நீண்டால் காற்றைப் புனல்போல் கண்ணுக்குள் திருப்பிவிடுகிறது. கரிசல் காட்டுப் புழுதிக் காற்றில் வளர்ந்த நமக்கு இமை முடியின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அது அழகுக்காக மட்டும் முளைத்ததன்று, கண்ணுக்குக் காவல். காவற்காரனுக்கு அலங்காரம் செய்யலாம். அவன் கையை முறித்துவிடக் கூடாது அல்லவா?

அளவை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றில் ஒரு கசப்பான சான்று உண்டு. 1933-இல் அமெரிக்காவில் 'லேஷ் லூர்' என்ற இமைச் சாயம் விற்பனையில் இருந்தது. அதில் இருந்த பாராபினைலீன்டைஅமின் வகைச் சாயப் பொருளால் பல பெண்களின் கண்கள் புண்ணாயின. பார்வை இழந்தவரும் உண்டு. அன்றிருந்த 1906-ஆம் ஆண்டுச் சட்டம் அழகுப் பொருள்களைக் கட்டுப்படுத்தவே இல்லை. இப்படிப்பட்ட துயரங்கள் மக்களைக் கொதிக்க வைத்த பிறகுதான் 1938-இல் அழகுப் பொருள்களையும் உள்ளடக்கிய புதிய சட்டம் அங்கே பிறந்தது. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில், இமை முடியை வளைக்கும் மருந்தில் தயோகிளைக்காலிக் அமிலம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தொழில் தெரிந்தவர் கையால் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் நாட்டிலும் 2020-ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகள் இருக்கின்றன. ஆனால் விதி புத்தகத்தில் இருந்தால் போதுமா? புட்டியைத் திறக்கும் கைக்கு அது தெரிய வேண்டாமா?

இந்த இடத்தில் இரண்டு மறுப்புகள் எழும். இரண்டையும் நேர்மையோடு எதிர்கொள்ள விரும்புகிறேன்.

முதல் மறுப்பு எங்கள் ஊரிலிருந்தே வரும். டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கும் ஊர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பி, காந்தியடிகளின் வழியில் கிராமப் பொருளாதாரத்துக்கே வாழ்வை ஒப்படைத்த ஜே. சி. குமரப்பா, 1960-இல் மறைவதற்கு முந்தைய தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த இடம் அது. "எளிமையைப் போதித்தவர் வாழ்ந்த மண்ணில் இமைக்கு அலங்காரமா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆயினும் குமரப்பா, பொருளை மட்டும் பார்க்காமல் அதைச் செய்யும் மனிதரையும் பார்க்கச் சொன்னவர் என்றே நான் அறிந்திருக்கிறேன். அந்தக் கண்ணோடு பார்த்தால், அலங்காரம் செய்துகொள்பவளைவிட அலங்காரம் செய்பவளே என் கண்ணில் முதலில் படுகிறாள். நாள் முழுவதும் அந்த மருந்தின் நெடியை முகர்ந்துகொண்டு, கையுறையும் இல்லாமல், பிறர் கண்ணுக்கு மேல் குனிந்து நிற்கும் அவள் ஒரு தொழிலாளி. அவளை மறந்துவிட்டு எளிமை பேசுவது எளிது.

இரண்டாம் மறுப்பு வேறு. "படிக்காத பெண்களிடம் இதை ஏன் விட வேண்டும்? தடை செய்துவிட்டால் என்ன?" என்பார்கள். இதற்கு விடை மதுரையிலேயே இருக்கிறது. எட்டயபுரத்துக்கு அருகில் வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவைக் கருவியைப் பிடிக்கப் பழகி, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று உலகமே வந்து பார்க்கும் அந்த மருத்துவமனையைத் தாங்கி நிற்பவர்களில் பெரும் பங்கினர் யார்? பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்கள். அவர்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி கொடுத்துக் கண் அளவிடவும், அறுவைக்கு நோயாளியை ஆயத்தம் செய்யவும், அறுவை அறையில் துணை நிற்கவும் கற்றுக்கொடுக்கிறார்கள். அதே ஊர்களிலிருந்து, அதே வகுப்பறைகளிலிருந்து வந்தவள்தான் என் அக்காவும். அங்கே இரண்டாண்டுப் பயிற்சி; இவளுக்குக் கிடைத்ததோ மூன்று நாள் வேடிக்கை பார்த்தது மட்டும். இரண்டும் கண்ணருகே செய்யும் வேலைதான். குறை பெண்ணிடமா, பயிற்சியிடமா என்று நீங்களே சொல்லுங்கள்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் அழகுக்கலைக்கு ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. ஆனால் வேலைக்குப் போய்த்தான் வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டும் என்ற நிலையில் உள்ள பெண்ணுக்கு ஓராண்டு என்பது எட்டாத கிளை. அவளை நோக்கி நாம்தான் சற்றுக் கிளையைத் தாழ்த்த வேண்டும்.

எனவே நம் வேதியியல் துறைக்கு ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரை நாள் போதும். சுற்று வட்டாரத்து அழகு நிலையங்களில் வேலை செய்யும் பெண்களை நம் ஆய்வகத்துக்கு அழைப்போம். அவர்கள் கையாளும் புட்டிகளை எடுத்து வரச் சொல்வோம். காரத்தன்மையைத் தாள் கொண்டு காட்டுவோம். உதிர்ந்த முடியில் நேரத்தின் வேறுபாட்டைக் காட்டுவோம். இரண்டு நாள் முன்னதாகவே காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி ஒவ்வாமை பார்ப்பது ஏன் என்று விளக்குவோம். கண் நோயோ, அண்மையில் கண் அறுவையோ இருந்தால் செய்யக் கூடாது என்பதைச் சொல்வோம். மருந்து கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதையும் சொல்வோம். இவ்வளவையும் தமிழில், பெரிய எழுத்தில், ஒரே தாளில் அச்சிட்டுக் கையில் கொடுத்தனுப்புவோம். இதற்கு ஆகும் செலவு, நம் துறையின் ஒரு வழியனுப்பு விழாச் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்!

செய்துகொள்ளப் போகும் தோழியருக்கும் ஒரு சொல். கண்ணை மூடிப் படுக்கும் முன் வாயைத் திறந்து கேளுங்கள். என் முடிக்கு எந்த அளவுப் பட்டை? எத்தனை நிமிடம்? முன்கூட்டி ஒவ்வாமை பார்த்தீர்களா? கேட்பது அவமரியாதையன்று. 'பளிச்சென்று தெரிய வேண்டும்' என்று நாம் கேட்கும் ஒவ்வொரு முறையும், அந்தப் பெண்ணின் கையைக் கூடுதல் நிமிடத்துக்குத் தள்ளுகிறோம் என்பதை நினைவில் வையுங்கள்.

சென்ற தை மாதம் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணுக்கு அக்காதான் இமை முடியை வளைத்துவிட்டாள். மணமேடையில் அந்தப் பெண்ணைப் பார்த்து, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி சொன்னாள்: "புள்ளைக்குக் கண்ணு எம்புட்டு அழகு! அவ ஆத்தா கண்ணு மாதிரியே இருக்கு." அக்கா என் தொடையைக் கிள்ளினாள். அவளுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேறில்லை. செய்தது யாருக்குமே தெரியவில்லை!

நண்பர்களே! முதல் தலைமுறையாய்ப் படிக்க வந்தவர்கள் நம்மில் பலர். நம் வீட்டில் உள்ளவர்கள் தங்கள் கையில் இருக்கும் பொருளைக் காட்டி, "இதுல என்ன இருக்கு?" என்று என்றாவது ஒருநாள் நம்மைக் கேட்பார்கள். அது பூச்சிமருந்துப் புட்டியாக இருக்கலாம். சாயப் பொட்டலமாக இருக்கலாம். இமை மருந்தாகவும் இருக்கலாம். அன்று எனக்கு நேர்ந்தது போல் நாம் தலைகுனிந்து நிற்கலாகாது. அந்தக் கேள்விக்கு நம் தமிழில், நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து விடை சொல்ல முடியுமானால், அன்றுதான் நாம் பட்டம் பெற்றவர்கள்.